பேனல் மேல் மூணு பட்டை

குத்தம்பாக்கத்தில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், கல் நட்டு விற்ற மனைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் வேன் நிற்கும். நிற்கும் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடும் என்று சொன்னால் அந்த வேனே சிரித்துவிடும். இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி. பக்கவாட்டில் இருந்த பள்ளிக்கூடத்துப் பெயரைச் சுரண்டி எடுத்தாயிற்று. 'கவனம் குழந்தைகள்' என்பது மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. உள்ளே இருந்த குழந்தைகள் மொத்தம் ரெண்டு. தசரதனுக்கு ஐம்பத்து நாலு வயசு, அவர் சம்சாரம் தாட்சாயிணிக்கு நாற்பத்தெட்டு.

அவர்கள் அங்கே வந்த கதை பெரிய கதையில்லை. அய்யப்பன்தாங்கல் டெப்போ பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறேன் என்றார். அதே மாசம் வேன் எஃப்.சி.யில் ஃபெயில். இனிமேல் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்றுவிட்டார்கள். கணக்கிலும் சயின்ஸிலும் ஒரே நாளில் ஃபெயிலானவன் மாதிரி தசரதன் மூணு நாள் பேசவில்லை. நாலாம் நாள் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். எவனோ ஒரு வெள்ளைக்காரன், வேனுக்குள்ளேயே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, மலையோரமாக நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கூரை மேல் சோலார் பேனல். உள்ளே பேட்டரி. கேம்பர் வேனாம்.

"தாட்சா, இத்த பாரு. வாடகையே இல்ல. கரண்ட் பில்லே இல்ல."

"அவன் பின்னாடி மலை கீது. நமக்கு பின்னாடி இன்னா கீது?"

"ஆறு மாசந்தான். அதுக்குள்ள வேற ஊடு பாத்துடலாம்."

ஆறு மாசம் பதினாலு மாசம் ஆனது. முன்பு தசரதன் வேனில் பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்த முகப்பேர் அனுசுயா மேடத்துக்குக் குத்தம்பாக்கத்தில் ஒரு மனை. பஸ் ஸ்டாண்டு வருகிறது என்றதும் பக்கத்து மனைக்காரன் எல்லைக் கல்லைத் தள்ளி நட்டுவிடுவானோ என்று அந்தம்மாவுக்குத் தூக்கமில்லை. வேன் அங்கே நின்றால் கல் நகராது. அதனால் நின்றுகொள்ளச் சொன்னார்கள். கரண்ட் கிடையாது. ஈ.பி. கம்பி நூறு அடி தள்ளிப் போனது. ராவோடு ராவாக அதில் கொக்கி போடலாம் என்று பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் யோசனை சொன்னார்கள். தசரதன் மாட்டேன் என்றுவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒன்வேயில் போகாத மனுஷன்.

வேனுக்குள் கடைசி நீளச் சீட்டு மட்டும் கட்டிலாக மிச்சமிருந்தது. மற்ற சீட்டெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. தாட்சாயிணி தலை வைக்கும் இடத்துக்கு மேலே எந்தக் காலத்துப் பிள்ளையோ காம்பஸால் 'சந்தோஷ் ஒரு எருமை' என்று கீறி வைத்திருந்தான். படுத்தால் தினமும் அதைத்தான் படிக்க வேண்டும். முன்னாடி பிள்ளைகள் பை கட்டிய கூரைக் கேரியரில் இப்போது பேனல். அது பகல் பூரா வெயிலைக் குடித்து சீட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரியில் ஊற்றும். ராத்திரி ஒரு சின்ன ஃபேன் அதை எடுத்துக் குடிக்கும். நடுவில் ஒரு பெட்டி. அதில் பச்சை விளக்கு மினுக்கினால் சார்ஜ் ஏறுகிறது, மினுக்காமல் நிலையாக எரிந்தால் பேட்டரி ஃபுல். இவ்வளவுதான் விஞ்ஞானம்.

தாட்சாயிணிக்கு வேலை திருமழிசை எஸ்டேட்டில், ஒரு கம்பெனியில் பேக்கிங். எட்டு மணி நேரமும் நின்றபடியே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். சாயந்தரம் வரும்போது கால் ரெண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். வேனுக்கு வந்த முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஏசி வாணாம், ஏரோப்ளேன் வாணாம். ராத்திரி படுத்தா காலைலதான் எய்ந்துக்கணும். நடுவுல எய்ந்துக்கக் கூடாது. அத்த மட்டும் நீ பாத்துக்கோ."

தசரதன் பார்த்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஃபேன் விடிய விடிய ஓடியது. அவளும் விடிய விடிய தூங்கினாள். அப்படியும் வேனை அவள் 'டப்பா' என்றுதான் சொல்வாள். "டப்பாவ தொற", "டப்பாவுல பால் கீதா பாரு", "இந்த டப்பாவுக்கு ஒரு நாள் நெருப்பு வெக்கறேன்". கேம்பர் என்ற வார்த்தை அவள் வாயில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்குக் கம்பெனி லீவு. ரெண்டு பேருமாகக் காலையிலேயே வேனைக் கழுவினார்கள். ஸ்டீயரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. அடுப்புக்கு, அரிவாள்மனைக்கு, பேட்டரிக்கு, பச்சை விளக்குப் பெட்டிக்கு, காத்தே இல்லாத ஸ்டெப்னிக்கு, எல்லாத்துக்கும் வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைக்கலாம் என்று தசரதன் குனிந்தபோது, தாட்சாயிணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு பின்பக்க ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏய், எங்க போற?"

"மேல. ராத்திரி பூரா காத்து குடுக்கறது அதானே? அத்த வுட்டுட்டு ஸ்டெப்னிக்குப் பொட்டு வெச்சிகினு கீறே நீ."

"வுழுந்துடப் போற. நான் வெக்கறேன் குடு."

"ஏணிய புடி, போதும்."

அவள் அந்த ஏணியில் ஏறியது அதுதான் முதல் தடவை. கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை நாலு விரலால் அள்ளி, பேனலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பு. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. மூணு பட்டை. நடுவில் அப்பளம் மாதிரி ஒரு குங்குமப் பொட்டு. நாலு மூலைக்கும் நாலு சின்னப் பொட்டு. அப்புறம் மொட்டை வெயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"அம்மா தாயே, எங்க ஊட்ட நல்லா வெச்சிக்கோ."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தசரதன் காதில் அது விழுந்துவிட்டது. டப்பா இல்லை. ஊடு. அவள் இறங்கியதும் அவர் வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், டயரை அமுக்கிப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். அந்த டயரில் காத்து போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் மேலே ஏறி ஒரு போட்டோ எடுத்தார். போனைத் திறந்தால் அதுதான் முதலில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். தினமும் காலையில் ஈரத்துணியால் பேனலைத் துடைப்பது அவருடைய வழக்கம். இப்போதும் துடைத்தார். பட்டைகளின் மேல் துணி படாமல், பொட்டின் மேல் கை படாமல், மார்ஜினைத் தாண்டாமல் எழுதுகிற நல்ல பையன் மாதிரி சுத்திச் சுத்தித் துடைத்தார். மழை வருகிற மாதிரி இருந்தால், யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று கிடந்தது, அதைப் போட்டு மூடுவார். பேனல் நனையக் கூடாது என்று மூடுகிறார் என்றுதான் தாட்சாயிணி நினைத்தாள். மழையில் நனையக் கூடாத பேனலைக் கூரை மேல் ஏன் வைக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை முடிந்து ரெண்டாம் நாள் காலையில் தாட்சாயிணி பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணர."

"இன்னா மூணர?"

"மூணரைக்கு ஃபேன் நின்னுச்சு. அதுக்கப்புறம் நான் தூங்கல."

மறுநாள், "ஒண்ணு." அதற்கு மறுநாள், "பன்னண்டே கால்." அப்புறம் தினமும் காலையில் இதுதான். பரீட்சை ரிசல்ட் படிப்பது போல அவள் நேரத்தைச் சொல்வாள், தசரதன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து கேட்பார். மார்க் ஒரு நாளும் ஏறவில்லை.

திருமழிசையில் பேட்டரி கடை வைத்திருக்கும் அமல்ராஜை வரச் சொன்னார். பேனலும் பேட்டரியும் அவன் மூலமாக வாங்கியதுதான். அமல்ராஜ் நல்லவன், வேலைக்காரன், எடை நூத்திப் பத்து கிலோ. கல்யாணமான புதிதில் ஒரு வீட்டு மாடிக்கு ஏறும்போது ஏணி உடைந்து விழுந்தவன். அன்றிலிருந்து அவனுடைய தொழில் எல்லாம் தரையோடு சரி. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"அண்ணாத்தே, பேட்டரிய நான் கடைக்கு எடுத்துகினு போறேன். கரண்ட்ல ஒரு நாள் போட்டுப் பாக்கலாம்."

போட்டான். அன்று ராத்திரி ஃபேன் விடிய விடிய ஓடியது. காலையில் தாட்சாயிணி ரிசல்ட் சொல்லவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள். தசரதன் அவளை எழுப்பாமல் டீயை மூடி வைத்தார். அடுத்த நாள் மறுபடியும், "ஒண்ணேகால்."

அமல்ராஜ் திரும்ப வந்து தலையைச் சொறிந்தான்.

"பேட்டரி நல்லாத்தான் கீது அண்ணாத்தே. சோறு போட்டா துன்னுது. மேலேர்ந்து சோறு வர்ல. பேனல் கண்ணாடி ஏதாச்சும் வுட்ருக்கா?"

"இல்லப்பா."

"அழுக்கு, காக்கா எச்சம்?"

"தெனம் தொடைக்கறேன் நைனா. உன் மூஞ்சிய பாத்துக்கலாம், அப்டி கீது."

"எங்கனா நெழல் வுழுதா?"

தசரதன் சுற்றிக் கையைக் காட்டினார். "இங்க ஏதுப்பா நெழலு? மரத்தையெல்லாம் வெட்டிட்டுத்தானே மனை போட்டானுங்க."

அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

பேட்டரியைத் தினமும் கடைக்குத் தூக்கிப் போய் ஏற்றலாம் என்று ஆரம்பித்தார். நாற்பது கிலோ. டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கட்டி மூணு நாள் கொண்டு போனார், மூணு ராத்திரி அவள் தூங்கினாள். நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு வேன் படியில் நாலு கால் பிராணி மாதிரி ஏறினார். வயரை மாற்றினார். பஸ் ஸ்டாண்டு ஆட்களை ஐந்து பேரைக் கூப்பிட்டு, வேனைத் தள்ளித் தெற்குப் பார்க்கத் திருப்பினார். தெற்கிலும் அதே சூரியன்தான் இருந்தது. ஃபேன் நின்ற பிறகு ஒரு பழைய பரீட்சை அட்டையை வைத்து அவரே விசிறினார். விசிறிக்கொண்டே தூங்கிவிடுவார். அட்டை அவள் மூக்கின் மேல் விழும்.

ஐப்பசிப் புழுக்கம். மழை வருகிற மாதிரி கறுத்து, வராமல் போய், வேன் தகரம் ராத்திரி பூரா சூட்டைக் கக்கியது. ஜன்னலைத் திறந்தால் கூவம் பக்கத்துக் கொசு மொத்தமும் உள்ளே. ஒரு நாள் சாயந்தரம் தாட்சாயிணி இடது கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாளாம். டேப் கட்டர் விரலில் இறங்கிவிட்டது.

"எங்க காட்டு."

"வாணாம், வுடு."

"வலிக்குதா?"

"தூக்கம் வருது." அவள் சீட்டில் சாய்ந்தாள். எருமை சந்தோஷைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யோவ், நான் சண்ட போடல. சண்ட போடற தெம்பு இல்ல. தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு ராத்திரி, முழுசா ஒரு ராத்திரி இது ஓடட்டும். இல்லன்னா திருத்தணிக்கு எல்லம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்."

எல்லம்மா அவள் தங்கச்சி.

"ஓடும் தாட்சா. பாத்துகினே இரு."

தீபாவளிக்கு இருந்தது ஆறு நாள். தசரதன் பேனலைத் தினம் மூணு தடவை துடைத்தார். காலையில், மத்தியானம், சாயந்தரம். சுத்திச் சுத்தி. துடைத்து முடித்ததும் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

தீபாவளியன்று காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தார்கள். தாட்சாயிணி ரிசல்ட் சொல்வாள் என்று அவர் டீயோடு காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. முந்தின ராத்திரி ஃபேன் எட்டரைக்கே நின்றுவிட்டது, ரெண்டு பேரும் விழித்துத்தான் இருந்தார்கள், சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் மூணு வாரமாகத் தினமும் திட்டுகிற மாதிரி நேரத்தைச் சொன்னவள் அன்று ஒன்றும் சொல்லாதபோது அவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

மத்தியானம் பையைக் கட்டினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரே பையைத் தூக்கி வந்தார். உள்ளே என்னவோ கணீர் கணீர் என்றது.

"ரெண்டு நாள்தானே?"

"பாக்கலாம்."

"ஃபேன சரி பண்ணிட்டு போன் பண்றேன்."

"பண்ணு."

பஸ் வந்தது. பையை ஏற்றும்போது அது ஓரமாகப் பிதுங்கியது. தோசைக்கல். ரெண்டு நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறவர்கள் உலகத்தில் எங்கேயாவது தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு போவார்களா? தசரதன் பையைப் படிக்கட்டில் விடாமல், சீட்டு வரைக்கும் ஏறி, அவள் காலுக்கு இடிக்காமல் தள்ளி வைத்துவிட்டு இறங்கினார். பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பழகிய கை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாசம் விட்டு விட்டு. ஒவ்வொரு தடவையும் தசரதன் பேனரோடு மேலே ஓடினார். ஆள் இல்லாவிட்டாலும் ஃபேனைப் போட்டுப் பார்ப்பார். அது அவருக்காகவும் ஓடவில்லை. தாட்சாயிணி வாரத்துக்கு ஒரு தடவை போன் பேசினாள். திருத்தணியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்ததாம். உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலையாம். கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். எல்லம்மா வீட்டில் ஹாலில் ஒரு ஃபேன், ரூமில் ஒரு ஃபேனாம். இதையெல்லாம் அவள் பெருமைக்குச் சொல்லவில்லை. அவர் கேட்டார், அவள் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

"ரேஷன் கார்டுலேர்ந்து என் பேர எடுக்கணும். எல்லம்மா கார்டுல சேக்கறோம். இ-சேவைல கேட்டேன், ஓடிபி உன் நம்பருக்குத்தான் வருமாம். வந்தா சொல்லு."

கார்டில் இருந்ததே ரெண்டு பேர். தசரதன் காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தோரு பர்சன்ட் இருந்தது.

"தாட்சா, சார்ஜே இல்ல. ரெண்டு பர்சன்ட்தான் கீது. கட்டாவப் போவுது."

கட் செய்தது அவர்தான். போனை அணைத்து எருமை சந்தோஷுக்குப் பக்கத்தில் சொருகி வைத்தார். எதிரே டீக்கடையில் பிளக் இருந்தது. அமல்ராஜ் கடையில் பிளக் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் தூணுக்குத் தூண் பிளக் இருந்தது. அஞ்சு நாள் அந்தப் போனுக்கு மட்டும் ஊரில் கரண்ட் கிடைக்கவில்லை.

ஆறாம் நாள், ஒரு சனிக்கிழமை, அமல்ராஜ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். ஸ்கூட்டர் பெருமூச்சு விட்டது.

"அண்ணாத்தே, அண்ணி எனக்குப் போன் பண்ணிச்சு. உனக்கு இன்னாமோ ஆயிடிச்சின்னு பயந்துகினு கீது. போன் எங்க?"

"சார்ஜ் இல்ல."

"குடு இப்டி." அமல்ராஜ் போனை வாங்கி அழுத்தினான். அது சந்தோஷமாக எரிந்தது. முப்பத்தெட்டு பர்சன்ட். அவன் தசரதனைப் பார்த்தான். தசரதன் தெருவைப் பார்த்தார். "திங்கக்கெயம பதினோரு மணிக்கு அண்ணி இ-சேவைக்குப் போவுதாம். கடையில லீவு போட்டுட்டு. அப்போ ஆன்ல வெச்சிரு, பாவம்."

"ம்."

போனைத் திருப்பித் தரப் போனவன் நிறுத்தினான். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தான்.

"இது இன்னா அண்ணாத்தே, எந்தக் கோயிலு?"

தசரதனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "கோயில் இல்லப்பா, நம்ம பேனலு. ஆயுத பூஜைக்கு அவ வெச்சது. ஏணில ஏறி அவளே வெச்சா. எப்டி கீது?"

"இது எப்ப அழிஞ்சிது?"

"எங்க அழிஞ்சிது? அப்படியே கீது. மழ வந்தா பேனர் போட்டு மூடிடுவேன் இல்ல?"

அமல்ராஜ் பெயிண்ட் டப்பாவைத் தேடி உட்கார்ந்தான். சிரிப்பான் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"தெனம் தொடைக்கறேன்னு சொன்னியே."

"தொடைச்சேன். சுத்தித் தொடைச்சேன்."

"சுத்தித் தொடைச்சியா." அவன் டப்பாவை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். "அண்ணாத்தே, பூந்தமல்லி ரோட்டுல நட்ட நடுவுல ஒரே ஒரு தண்ணி லாரி நின்னா இன்னா ஆவும்? பின்னாடி நூறு வண்டி நிக்குமா, நிக்காதா? நூறும் நல்ல வண்டிதான். அதுங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்த பேனல்ல கீற கட்டம் முப்பத்தாறும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்குது. ஒரு கட்டத்த மூடினாலே போதும், மொத்தமும் தேங்கிடும். அண்ணி மூணு வரிச மூடிட்டுது."

தசரதன் அதைக் கேட்டார். பிறகு ஏணியைப் பார்த்தார்.

"அதாலயா?"

"அதாலதான்."

"ரெண்டு மாசமா?"

"ஒரு ஈரத்துணி போதும் அண்ணாத்தே. தொடைச்சிட்டு அண்ணிக்குப் போன் பண்ணு. பேனலுக்குப் பொட்டு வெச்சு ஃபேனையே நிறுத்திட்டியேன்னு சொல்லு. வுழுந்து வுழுந்து சிரிக்கும். சிரிச்சிகினே அடுத்த பஸ் ஏறிடும்."

அமல்ராஜ் போனதும் தசரதன் மேலே ஏறினார். அன்றைக்குத் துடைக்கவில்லை. பேனலுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் பை கட்டிய கம்பியில் உட்கார்ந்திருந்தார். பதினாலு மாசத்தில் அவள் அந்த வேனுக்கு ஆசையாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் அவளைத் தூங்க விடாமல் அடித்தது, விரலைக் கிழித்தது, தோசைக்கல்லோடு பஸ் ஏற்றியது. இதை எப்படிச் சொல்வது? அவள் சிரிக்கலாம். சிரிக்காமலும் இருக்கலாம். எங்கே கை வைத்தாலும் விளங்காமல் போகிறது பார் என்று தன் கையையே பார்த்துக்கொண்டு உட்காரலாம். குழந்தை இல்லாத இருபத்தஞ்சு வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை பார்க்க அவரால் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. ஒரு வாளித் தண்ணீரோடு ஏறினார். ரெண்டு மாச வெயிலில் வெந்து கெட்டியான சந்தனம் லேசில் விடவில்லை. ஊற வைத்துத் தேய்த்தார். முதல் பட்டை போகும்போது வாசனை வந்தது, இன்றைக்குக் குழைத்த மாதிரி. மஞ்சள் தண்ணீர் பக்கவாட்டு ஜன்னலில் வழிந்து, 'கவனம் குழந்தைகள்' மேல் இறங்கியது. குங்குமப் பொட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். அது நகத்துக்குள் புகுந்துகொண்டு போனது.

கீழே வந்து பார்த்தால் பச்சை விளக்கு குதித்துக் குதித்து மினுக்கியது. மத்தியானம் மூணு மணிக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிந்தது. ஃபுல். ராத்திரி கார்த்திகைக் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க, ஃபேனைப் போட்டே படுத்தார். ரிசல்ட் தெரிய வேண்டும் இல்லையா? காலையில் ஆறு மணிக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. "ஆறு" என்று அவர் சத்தமாகச் சொன்னார். கேட்க எருமை சந்தோஷ்தான் இருந்தான்.

திங்கட்கிழமை பத்தரைக்கு அவரே போன் செய்தார்.

"தாட்சா, ஃபேன் ஓடிச்சு. விடிய விடிய ஓடிச்சு. இப்பவும் ஓடுது. கேக்குதா?" போனை ஃபேனுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"இன்னா ஆச்சாம் அதுக்கு?" அவள் குரலில் ஏதோ ஒன்று இறங்கி வந்த மாதிரி இருந்தது. காலையில் ரிசல்ட் சொல்கிற பழைய குரல். "இன்னா ரிப்பேரு?"

தசரதன் தன் நகத்தைப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பு இருந்தது.

"மேல ஒரு வயரு கழண்டிருந்துச்சு. சொருகினேன். சரியாயிடிச்சு."

"ஒரு வயரா?"

"ஆமா."

"ஒரே ஒரு வயரு." அவள் கத்தவில்லை. "தெனம் மூணு வாட்டி மேல ஏறினியே. ஒரு வயரு கழண்டுகினு கீறது உன் கண்ணுக்குத் தெரியல. நான் அங்க செத்துகினு கெடந்தேன்."

"தாட்சா..."

"அத்தத்தான் இப்ப சொல்ல வந்தியா? நான் போனப்பறம் சொருகினேன்னு?"

உண்மை அவர் நாக்கின் நுனியில் இருந்தது. ரெண்டு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அமல்ராஜ் சொன்ன மாதிரி அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாளோ என்னவோ. அவர் அதை விழுங்கினார்.

"பாக்கல தாட்சா. என் தப்புதான்."

"சரி வுடு. ஓடட்டும்." யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். "இ-சேவைலதான் கீறேன். பொண்ணு அனுப்பறேன்னு சொல்லுது. வந்தா படி."

போன் காதில் இருக்கும்போதே ஒரு அதிர்வு. ஆறு நம்பர். இருபத்தாறு வருஷமும் அவர் பிள்ளைகளை இறக்கும்போது எண்ணித்தான் இறக்குவார், ஒவ்வொரு தலையாகத் தொட்டு. அதே மாதிரி எண்ணினார்.

"நாலு."

"நாலு," என்று அவள் பக்கத்தில் யாருக்கோ சொன்னாள்.

"ஒம்போது."

"ஒம்போது."

"ரெண்டு... ரெண்டு... ஏழு."

"ஏழு. அப்பறம்?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ், டைம் முடிஞ்சிடுமாம். அப்பறம்?"

"சைபர்."

"சைபர்." கீபோர்டு சத்தம் கேட்டது. "ஆயிடிச்சாம்." வைத்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் வைக்கவில்லை. "சாப்டியா?"

"இனிமேதான்."

"இங்க கறுத்துகினு வருது. அங்கயும் வரும். பேனல மூடிக்கோ, நனையப் போவுது."

"சரி," என்றார் தசரதன்.

மழை மூணு மணிக்கு வந்தது. மஞ்சள் நீராட்டு விழா பேனர் மடித்தபடியே சீட்டுக்கு அடியில் கிடந்தது. மேலே மூடுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் படியில் உட்கார்ந்து, ஃபேனை நிறுத்தாமல், மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பச்சை விளக்கு நிலையாக எரிந்தது.